பின்னறைக்கு வந்த பெண்கள்

பின்னறைப் பெண்கள் கல்லூரிக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பியதும், செக்கிங் அக்கா அவர்களுடைய குப்பைக்கூடையின் மூடியைத் தூக்குவாள். கையால் தொடமாட்டாள், குச்சியால் கிளறுவாள். பிஸ்கட் உறை, தலைமுடிச் சுருள், மை தீர்ந்த பேனா. முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும். பிறகு கொடியில் காயும் துணிகளில் அவர்களுடையது அல்லாத சட்டை ஏதாவது தொங்குகிறதா என்று பார்ப்பாள்.

தையல் கம்பெனி வாசலில், வேலை முடிந்து வெளியேறும் பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்புவதுதான் அவள் பார்த்த உத்தியோகம். நூல்கண்டு, ஜிப், சாப்பாட்டு டப்பாவுக்குள் மடித்து வைத்த குழந்தைச் சட்டை என்று அவள் பிடிக்காதது இல்லை. “முகத்தப் பாத்தா ஏமாந்துருவோம். முழங்கையத்தான் பாக்கணும். ஒளிச்சவ அதை விலாவோட ஒட்டி வெச்சுக்குவா” என்பாள். வேலை ஓய்ந்தது, கண் ஓயவில்லை. புருஷன் இருந்தவரை அவர் சட்டைப்பை இருந்தது. அவரும் போய், மகளும் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபின் சோதனை போட ஆளில்லை. தனியாக இருக்கப் பயந்துதான் அம்மா பின்னறையை வாடகைக்கு விட்டாள் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வந்த இருவருக்கும் நெட்டை, கண்ணாடி என்று அக்காவே பெயர் வைத்தாள். நெட்டை ஓட்டைவாய், அவளால் ஆபத்தில்லை. கண்ணாடிதான் எதைச் சொன்னாலும் “சரிங்க ஆன்ட்டி” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். “சரியான அமுக்குணி. இவள நம்பவே கூடாது” என்று மகளிடம் போனில் சொன்னாள்.

கொஞ்ச நாளாக அடுப்படியில் வேற்றுக் கை பட்டிருந்தது. கடைக்குப் போய்வந்தால் சாத்தியிருந்த ஜன்னல் திறந்திருக்கும். பாத்திரம் இடம் மாறியிருக்கும். கரித்துணி ஈரமாக இருக்கும். எதுவும் காணாமல் போகவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. கை தேர்ந்தவர்கள் எடுத்த எடுப்பில் திருடமாட்டார்கள், வழி பார்த்து வைப்பார்கள். காலி பண்ணச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் யாரையும் வெளியே அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம், கடைக்குப் போவதாகப் பின்னறை காதில் விழும்படி சொன்னாள். கேட்டைச் சத்தமாகச் சாத்தினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி வந்து, அடுப்படிக்கு எதிரே உள்ள சாமான் அறைக்குள் நின்றுகொண்டாள்.

சற்றுப் பொறுத்துக் கண்ணாடி வந்தாள். மூக்கை உறிஞ்சியவள், சட்டென்று அடுப்படிக்குள் ஓடினாள். எதையோ திருகும் ஓசை. ஜன்னல் திறக்கும் ஓசை. அக்கா பாய்ந்து கதவை மறித்தாள்.

“கையக் காட்டு.”

விரித்த கைகளில் ஒன்றுமில்லை. அக்கா விடவில்லை. பழைய வேகத்தில் தோளிலிருந்து இடுப்புவரை தடவினாள். அந்தப் பெண் அசையாமல் நின்றாள். அவள் முழங்கைகள் விலாவை ஒட்டவே இல்லை. அப்போதுதான் அக்காவின் மூக்கில் காஸ் வாடை ஏறியது. பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது.

“யாரு பால் வெச்சது?”

“நீங்கதான் ஆன்ட்டி.”

எவ்வளவு துருவியும் அது அக்காவின் நினைவில் இல்லை.

“இதுக்கு முன்னாடியும் இப்படி ஆச்சா?”

“அடிக்கடி ஆகுது. நீங்க வெளிய போனதும் நாங்க யாராவது வந்து பாத்துட்டுப் போவோம். சொன்னா, எதுக்கு உள்ள வந்தீங்கன்னு கேப்பீங்களேன்னுதான்...”

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி கரித்துணியை நனைத்து அடுப்பைத் துடைத்தாள். மகளிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று அக்கா கெஞ்சினாள். டாக்டரிடம் வருவதானால் சொல்லமாட்டேன் என்றாள் அந்தப் பெண். அவள் “சரிங்க ஆன்ட்டி” என்று சொல்லாதது அதுவே முதல் தடவை.

நெட்டையும் கண்ணாடியும் இரு பக்கமும் நடக்க, அக்கா டாக்டரிடம் போய்வந்தாள். மறதி நோயின் ஆரம்பம் என்றார், மாத்திரை கொடுத்தார். இப்போது வெளியே கிளம்பும்போதெல்லாம் கண்ணாடியைக் கூப்பிடுகிறாள். “மூடியிருக்கா பாரு.” அவள் அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்த்து, “மூடியிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

நேற்று அவள் தலை மறைந்ததும் சோதித்துப் பார்க்க அக்காவின் கை தானாகத் திருகை நோக்கி நீண்டது. விரல் படுமுன் இன்னொரு கையால் அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.