சுவரில் ஒரு பார்மசிஸ்ட், குடோனில் ஒரு பார்மசிஸ்ட்

மாப்ளைகளா, நான் பத்தாவதோடு நின்றவன். உங்களுக்கே தெரியும்.

இன்று திருமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு டிரக் இன்ஸ்பெக்டர் வந்தார். ஜீப்பைப் பார்த்ததுமே முதலாளி மல்லிகா அக்காவைக் குடோனுக்குள் அனுப்பிவிட்டார்.

கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பது அக்காதான்; கொழும்பில் பார்மசி படித்தவர். கலவரத்தில் தப்பி வந்தவர். அந்தப் பட்டம் இங்கே செல்லாது என்று பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். லைசென்சுக்காகக் கடைச் சுவரில் தொங்கும் பார்மசிஸ்ட் சர்டிபிகேட் வேறு ஒருவருடையது. அந்த ஆளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"பார்மசிஸ்ட் எங்க?"

"இப்பத்தான் சாப்பிடப் போனாரு சார்," என்றார் முதலாளி.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து சீட்டை நீட்டினார். முதலாளி ஒரு பாட்டிலை எடுத்து, "காய்ச்ச மருந்துதான்த்தா, மூணு வேள குடு" என்றார்.

குடோனிலிருந்து அக்கா வெளியே வந்துவிட்டார்.

"அது பெரிய ஆக்களுக்குக் குடுக்கிற மருந்து. பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ."

சீட்டைப் படித்துச் சரியான பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க யாரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். அக்கா எதையும் மறைக்கவில்லை.

"பதிவு இல்லேல்ல? அப்ப மருந்தத் தொடக்கூடாது. நாளைக்கு உங்கள இங்க பாக்கக் கூடாது."

சுவர் சர்டிபிகேட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"நாளைலருந்து நீயே மருந்து குடுறா," என்றார் முதலாளி.

"அண்ணே, எனக்குச் சீட்டே படிக்கத் தெரியாதுண்ணே."

"ஒன்ன யாருடா கேக்கப் போறா?"

ஆகவே மாப்ளைகளா, நாளை காலையிலிருந்து நான்தான். யார் வீட்டில் காய்ச்சல்? தைரியமிருந்தால் வாங்க.