மதலேனாவின் நாற்பத்தெட்டு

கீரி என்ற கரையோர ஊரைச் சேர்ந்த மதலேனா, கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் அறுபது அகதிப் பிள்ளைகளுக்குச் சமைத்தாள். 1997இல், சமைப்பவர்களுக்கு நோய் இருக்கக்கூடாது என்று அவளிடம் இரத்தப் பரிசோதனை கேட்டார்கள். கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை நிறுத்திவைத்தால், ஒரு மணித்தியாலத்தில் சிவப்பு கீழே இறங்கும். உடம்பில் அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். இருபது மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டியது, அவளுக்கு நாற்பத்தெட்டு.

கசமாக, அதாவது காசநோயாக, இருக்கலாம் என்றார் டொக்டர் பாலசிங்கம். சளியில் கிருமி இல்லை. நெஞ்சைப் படம் பிடிக்க ஆஸ்பத்திரியில் பிலிம் இல்லை. வவுனியாப் பெரியாஸ்பத்திரிக்குப் போக ஆமியிடம் பாஸ் கிடைக்கவில்லை. தெளிவாகும்வரை சமையலறைக்கு வரவேண்டாம் என்றார் விடுதித் தலைவியான மதர்.

மதலேனாவால் சும்மா இருக்க முடியவில்லை. கூட்டிய முற்றத்தையே திரும்பக் கூட்டினாள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கேள்விப்பட்டு வந்த தமையன் யாகப்பர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் உப்பிடித்தான் சொன்னவங்கள். ஆறு மாதம் குளிசை விழுங்கினனான். பிறகும் அதே நம்பர்."

"ஏன் அண்ணை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"கசக்காரன் எண்டா வலை இழுக்க ஆரடி கூப்பிடுவான்?"

அடுத்த நாள் அவள் தமையன், மகள் றஞ்சிதம், புருசன் எட்வேட் மூவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"இவர் எதுக்கம்மா?" டொக்டர் எட்வேட்டைக் காட்டினார்.

"ஒரே சட்டிச் சோறு, ஒரே அடுப்புப் புகை, டொக்டர். ரத்தம் மட்டும்தான் வேற."

டொக்டர் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, தாதியிடம் ஊசியை எடுக்கச் சொன்னார்.

அந்த ஒரு மணித்தியாலம் அவள் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தாள். வெளியே ஆமி ட்ரக் போகும்போதெல்லாம், குழாய்கள் அதிர்ந்தால் கணக்குப் பிழைக்கும் என்று தாதி மேசையை அமத்திப் பிடித்தாள்.

குழாயில் யாகப்பருக்கு ஐம்பத்திரண்டு மில்லிமீற்றர். நோய் நொடி தெரியாத றஞ்சிதத்துக்கு நாற்பத்தொன்று. சுருட்டும் கள்ளும் விடாத எட்வேட்டுக்கு ஆறு.

"மச்சான், உன்ர ரத்தமும் உன்னைப்போலச் சோம்பேறி," என்றார் யாகப்பர். "அசையமாட்டனெண்டுது."

டொக்டரும் சிரித்தார். "முகச்சாடைபோல இதுவும் குடும்பத்தில வரும். சில பேருக்குப் பிறவியிலேயே கூடத்தான் நிக்கும்." அவள் சமைக்கலாம் என்று மதருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

"அப்ப, உண்மையாக் கசம் வந்தா எப்பிடித் தெரியும் டொக்டர்?" என்று கேட்டாள் மதலேனா.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களுக்கு இந்த நம்பர் சொல்லாது. இருமல் விடாட்டி, நிறை குறைஞ்சா உடன வாங்கோ."

திங்கட்கிழமை அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும், அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று பார்த்தாள். பிறகு மகளையும் கூப்பிட்டு ஏற்றினாள். முள் ஆடி நிற்கும்வரை தானும் மூச்சுவிடமாட்டாள், மகளையும் விட விடமாட்டாள்.