அக்கா கொடுத்த கிட்னி

லேத் பட்டறையில் அவருக்கு சைலன்சர் என்று பெயர். அத்தனை இரைச்சலிலும் வாய் திறக்காமல் வேலை பார்ப்பவர். இரண்டு கிட்னியும் கெட்டு, டயாலிசிஸில் துரும்பாய் இளைத்துக் கிடந்தபோது அவருடைய அக்காதான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள்.

உடம்பு அதை ஒதுக்கித் தள்ளாமலிருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையை ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும். டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார்: "இது கிட்னியைக் காப்பாத்தும். ஆனா ரத்தக்குழாயை இறுக்கும், பிரஷரையும் கொழுப்பையும் ஏத்தும். அதுக்குத்தான் இந்த ரெண்டு மாத்திரை. உப்பைக் குறைங்க. சிகரெட்டை மறந்துடுங்க."

சிகரெட்டை அன்றோடு விட்டார். அக்கா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். "கிட்னி மாத்திரை போட்டியாடா? என்னோடதைப் பத்திரமா வச்சிருக்கியா?" மற்ற மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். சொந்தக்காரர்கள் கூடினால், "இவன் உள்ள ஓடுறது என்னோடதாக்கும்" என்பாள். அவர் சிரித்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார்.

பிரஷர் மாத்திரையால் கால் வீங்கியது. நாளெல்லாம் நிற்கிற வேலை. யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். செக்கப்புக்கு முந்தின வாரம் மட்டும் போட்டுக்கொள்வார். வாங்கிய பிரஷர் மெஷின் பீரோ மேல் தூசி படிந்து கிடந்தது.

"தலைவலிங்கிறீங்களே, ஒருதடவை பிரஷர் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"கிட்னி நல்லா இருக்குல்ல? எல்லாருக்கும் அதுதானே வேணும்" என்றார்.

ஒரு காலையில் லேத் முன்னால் வலது கை தொங்கிப்போய், வாய் கோணி, அப்படியே சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ஐ.சி.யூ. வாசலுக்கு ஓடிவந்த அக்கா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கிட்னிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள்.

"அது நல்லா இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா.

நாத்தனார் எதிரில் அதுவரை குரல் உயர்த்தாத மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, முதல்ல அவர் எப்படி இருக்காருன்னு கேளுங்க."

"வயித்தை அறுத்துக் குடுத்தவ நான். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அன்று போனவள்தான். அதற்குப் பிறகு போனும் இல்லை.

பிரஷர் மாத்திரையை நிறுத்தியது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. டாக்டரம்மா வேறொன்று எழுதிக் கொடுத்தார். அதில் வீக்கமே இல்லை. "கால் வீங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனே" என்றார்.

இப்போது தினமும் காலையில் மனைவி அவர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கிறாள். வலது கை வரவில்லை. முதலாளி இரக்கப்பட்டு ஸ்டோரில் உட்காரவைத்திருக்கிறார். கேட்கிறவர்களுக்கு இடது கையால் சாமான் எடுத்துக் கொடுக்கிறார். அவருடைய லேத்தில் வேறு ஆள் நிற்கிறான். அந்தப் பக்கம் கண் போகாதபடி நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.