நெளிந்த டம்ளர்

அறுபதுகளின் தொடக்கத்தில் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கெண்டைக்கால் வீங்கிக்கொண்டே போனது. உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டது என்று சொல்லி, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார் கோயமுத்தூர் டாக்டர்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் இருமினேன்; துண்டில் ரத்தம். காலுக்கு மருந்து தின்றால் நெஞ்சிலிருந்து ஏன் ரத்தம் வருகிறது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் கிணத்துக்கடவுப் பக்கம் இருமலில் ரத்தம் வந்தால் அதற்கு ஒரே பேர்தான், டி.பி. சாயங்காலத்துக்குள் எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். தாராபுரத்தில் தாய்வீட்டில் பிரசவித்திருந்த என் மனைவிக்கு, குழந்தையோடு இப்போதைக்கு வரவேண்டாம் என்று ஆள் போனது. மகளின் முகத்தை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை. ஆத்திரத்தில் டம்ளரைச் சுவரில் எறிந்தேன். அது நெளிந்ததுதான் மிச்சம்.

மூச்சு வாங்கியதால் மறுபடி கோயமுத்தூருக்குப் போனேன். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க வெள்ளைத் திட்டுகள். சளியில் கிருமி இல்லை. ரத்தம் அளவுக்கு மேல் இளகி உள்ளே கசிகிறது, அபூர்வமாக இந்த மருந்து அப்படிச் செய்யும் என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தி, ஊசி போட்டு, ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார். ரத்தம் நின்றது. காலில் மறுபடி உறைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து டி.பி. இல்லை என்றேன். மாத்திரை தின்று யாருக்காவது நெஞ்சில் ரத்தம் வருமா என்று கேட்டார் அம்மா. டம்ளர் தனியாகவே இருந்தது.

நான் திரும்பிவிட்டேன், டாக்டர் டி.பி. இல்லை என்கிறார் என்று கேள்விப்பட்டதும், யார் தடுத்தும் கேளாமல், மனைவி குழந்தையோடு வந்து இறங்கினாள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேரே என் கட்டிலுக்கு வந்தாள். நான் பாதி குடித்து வைத்திருந்த காப்பியை எடுத்து, அந்த நெளிந்த டம்ளரிலேயே வாய்வைத்துக் குடித்துமுடித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் குழந்தையை என் கையில் தரவில்லை. எட்ட நின்று முகத்தை மட்டும் காட்டினாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாள்.

அன்றைக்கெல்லாம் குழம்பிப்போய்க் கிடந்தேன். டாக்டர் சொன்னதை நம்பினாள் என்றால் குழந்தையை ஏன் தரவில்லை? நம்பவில்லை என்றால் எதற்குக் குடித்தாள்?

எக்ஸ்ரே சுத்தமாகி, மகள் என் மடியில் ஏறி விளையாடத் தொடங்கிய பிறகுதான் அதைக் கேட்டேன்.

"நம்பலீங்க," என்றாள். "டி.பி.ன்னுதான் நானும் நெனச்சேன்."

"அப்பறம் எதுக்குக் குடிச்சே?"

"நீங்க மட்டும் தனியாக் குடிச்சுட்டு இருந்தீங்க. அதுக்குத்தானுங்க."