படகோட்டிக்கு என்ன விலை

அலுவலகத்தில் அவனை 'வசனம்' என்றுதான் கூப்பிட்டார்கள். வீடியோ கேம் தயாரிக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் படம் வரைய நான்கு பேர், நிரல் எழுத மூன்று பேர், பாத்திரங்களின் பேச்சை எழுத இவன் ஒருவன். கேலியாக வந்த பெயர்தான். ஆனால் முதல் தடவை கேட்டபோது அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. கேலியையும் பாராட்டையும் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு அவனுக்குப் பாராட்டு கிடைத்ததில்லை.

அவர்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் அவன். சரக்கு லாரி ஓட்டும் அப்பாவிடம் தன் வேலையை ஒருமுறை விளக்கப் பார்த்தான்.

"விளையாடுறவங்க ஒரு ஊருக்குள்ள போவாங்கப்பா. அங்க இருக்கிற ஆளுங்க என்ன பேசணும்னு நான் எழுதுவேன்."

"பேசிட்டு?"

"பேசிட்டு சண்டைக்குப் போயிடுவாங்க."

"பேசாமலே போக முடியாதா?"

"போகலாம்."

பையனின் வேலை எவ்வளவு நாள் ஓடும் என்று அப்பாவுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். பெருந்தன்மையாகச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு ஒற்றனின் கதை. விளையாடுபவர்தான் அந்த ஒற்றன். யாரிடம் என்ன பேசுகிறார் என்பதைப் பொறுத்துக் கதை திசை மாறும். அதைச் சாதாரணப் பதிப்பாக ஒரு விலைக்கும், ஆழமான பதிப்பாக அதைவிட ஒன்றரை மடங்கு விலைக்கும் விற்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. ஆழமான பதிப்பில் வழியில் நிற்கும் ஆளுக்குக்கூட ஒரு முழு வாழ்க்கை இருக்கும். பணம் போடுபவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். சோதனைக்கு வருபவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழமான பதிப்பை வாங்க வேண்டும். வாங்கினால் வசனத்துக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

வசனம் தன் வாழ்நாளில் ஒரு கேமைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. விடுதி அறையில் திருட்டுப் பிரதியை ஓடவிட்டபடி, காசு போட்டு வாங்குபவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது என்று பிரசங்கம் செய்தவன். இப்போது உலகத்தில் அந்தப் பரிதாபப் பிறவிகள் பெருக வேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொண்டிருந்தான்.

அவன் எழுதியதிலேயே உச்சம் என்று அவன் நினைத்தது ஒரு படகோட்டியை. ஆற்றைக் கடக்க ஒற்றன் அந்தப் படகோட்டியின் படகில் ஏற வேண்டும். விரும்பினால் பேச்சுக் கொடுக்கலாம். முட்டி வலி, பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பி, படகுக்குப் பச்சை வர்ணம் அடித்ததால் கோபித்துக்கொண்ட மனைவி என்று படகோட்டியிடம் சொல்ல நிறைய இருந்தது. நான்கு மாதம் எழுதினான். தானே வாய்விட்டுப் படித்துப் பார்த்து இரண்டு தடவை கண் கலங்கினான். அவன் எழுத்துக்கு அதுவரை கிடைத்திருந்த ஒரே வாசகர் கண்ணீர் அதுதான்.

முதல் நாள் சோதனையில் விலை எதுவும் இல்லை, வெறுமனே விளையாடிப் பார்ப்பது மட்டும். வெளியே திரையில் முதலாளியும் வசனமும் 'பூச்சி' என்று கூப்பிடப்பட்ட பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிரலில் 'பக்' என்கிற பிழைகளைத் தேடிப் பிடிப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். விளையாட வந்தவர்கள் எல்லோரும் படகோட்டியிடமே உட்கார்ந்துவிட்டார்கள். அரை மணி நேரமாகியும் ஒருவரும் அக்கரைக்குப் போகவில்லை.

முதலாளி அவன் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "பாத்தியாடா, ஆழத்துக்கு ஆளு இருக்கு."

அன்று சாயங்காலம் வசனத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் பேருந்தில் போய்விட்டு, திரும்பி நடந்து வரும்போது, எதிர்காலத்தில் யாரோ எடுக்கப்போகும் பேட்டிக்குப் பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

மறுநாள், கேம் பழக்கம் இல்லாதவர்களும் வேண்டும் என்றார்கள். இரும்புச் சாமான் கடையில் பில் போடும் தன் அக்காவை அழைத்து வந்தான். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய், இங்க வா. இந்தப் படகுக்காரன் விடமாட்டேங்கிறான்."

"பேசிட்டு இருக்கா. போகப் போக நல்லா இருக்கும்."

"போகத்தான்டா முடியல. முட்டி வலிய சொல்லிட்டான், தம்பிய சொல்லிட்டான், பொண்டாட்டிய சொல்லிட்டான். நான் கிளம்பறேன்னு சொல்றதுக்கு எத அமுக்கணும்?"

பூச்சி குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு பதிலும் இன்னும் மூன்று கேள்விகளைத் திறந்தது. அந்த மூன்றும் வேறு மூன்றை.

"கிளம்பறேன்னு ஒரு பட்டனே நீ வைக்கலையா?" என்றாள்.

வைக்கவில்லை. படகோட்டியை விட்டு யாராவது எழுந்து போக ஆசைப்படுவார்கள் என்று நான்கு மாதத்தில் ஒரு நாளும் அவனுக்குத் தோன்றவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார். "ஓ, இதுல வெளிய வரணுமா? இவரு பேச்சக் கேக்கிறதுதான் கேமுன்னு நெனச்சேன்."

கதவருகே நின்ற முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப நேத்து அத்தன நேரம் உக்காந்திருந்தவங்க?"

"மாட்டிக்கிட்டவங்க சார்," என்றாள் பூச்சி.

வீடு திரும்பும் வழியில் அக்கா ஆறுதல் சொன்னாள். "நல்லாத்தான்டா எழுதியிருக்க. நம்ம பெரியப்பா கூட நல்லாத்தான் பேசுவாரு. அவரு வந்தா நாம எல்லாரும் ஏன் மாடிக்கு ஓடறோம், சொல்லு."

'கிளம்பறேன்' என்ற பொத்தான் சேர்க்கப்பட்டது. அடுத்த வாரம் உண்மையான சோதனை. வருபவர் கையில் ஒரு பண அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் விளையாடியபின் திரையில் இரண்டு விலைகள் வரும். ஏதாவது ஒன்றை வாங்க வேண்டும். மீதி அவருக்கே. பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒருவர் வரவில்லை.

"பன்னிரண்டு பேருன்னு பணம் போடுறவர்கிட்ட சொல்லிட்டேன்," என்றார் முதலாளி. "வசனம், நீ போய் உக்காரு."

"எழுதினவனே எப்படி சார்?" என்று பூச்சி கேட்டாள்.

"அவனுக்கும் விளையாடத் தெரியும்ல," என்று சொல்லிவிட்டு முதலாளி அவனைப் பார்த்து ஒரு கண்ணை லேசாக மூடித் திறந்தார். ஒரு ஓட்டு உறுதி என்று அந்தக் கண் சொன்னது.

உட்கார்ந்தான். படகில் ஏறினான். படகோட்டி முட்டி வலியைத் தொடங்கியதுமே 'கிளம்பறேன்' என்பதை அமுக்கினான். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். அக்கரையில் இரண்டு காவலர்களை வெட்டிச் சாய்த்தான். நன்றாகவே இருந்தது.

பிறகு விலைத் திரை வந்தது. இரண்டு பொத்தான்கள். எதை அமுக்க வேண்டும் என்று தெரியாதவன் அல்ல அவன். ஆனால் அட்டையில் இருப்பது நிஜப் பணம், மிச்சமானால் அவன் பணம். ஷூவின் அடிப்பாகம் வேறு பிளந்திருந்தது. ஆழமான பதிப்பில் இருக்கும் அத்தனையும் நாம் எழுதியதுதானே, தெரிந்ததையே யாராவது கூடுதல் காசு கொடுத்து வாங்குவார்களா என்று ஒரு கணம் நியாயமாக யோசித்தான். அந்தக் கணத்தில் விரல் குறைந்த விலையை அமுக்கிவிட்டது. அதன் பிறகுதான் முதலாளி கண்ணடித்தது நினைவுக்கு வந்தது.

முடிவு சாயங்காலம் வந்தது. பன்னிரண்டில் நான்கு.

"சரியா மூணுல ஒண்ணு," என்றார் முதலாளி. "மேல வேணும்னு சொன்னாரு. இன்னும் ஒரே ஒருத்தன் வாங்கியிருக்கலாம். எவன்னு தெரிஞ்சா கால்லயே விழுந்திருப்பேன்." அவர் தன் அறைக்குள் போனார். வசனம் தன் பிளந்த ஷூவைக் குனிந்து பார்த்தான்.

பூச்சி நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். எந்த இருக்கையில் யார் எதை வாங்கினார்கள் என்பது அவள் கணினியில் இருந்தது.

"ஏன்டா?"

"வெல ஜாஸ்தியா இருந்துச்சு," என்றான்.

அவள் சிரிக்க ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு திடீரென்று நிறுத்தினாள். "இரு. வாங்கின நாலு பேரும் வெளியாளுங்க. உன்னக் கணக்குல சேத்ததே தப்பு. நீ இல்லன்னா பதினொண்ணுல நாலு. மூணுல ஒண்ணுக்கு மேல வருது. போய்ச் சொல்லு."

"என்னன்னு சொல்றது?"

"நான் வாங்கலன்னு சொல்லு."

நான்கு மாதம் ஆழம் ஆழம் என்று அந்த அலுவலகத்தின் காதைப் புளிக்க வைத்தவன், அதற்கு விலை கொடுக்கத் தான் தயாராக இல்லை என்று போய்ச் சொன்னால்தான் அந்த ஆழம் விலைபோகும். வாயைத் திறக்காமல் இருந்தால் மானத்தோடு வேலை போகும். கொஞ்ச நேரம் மானத்தின் பக்கம் நின்று பார்த்தான். பிறகு அடுத்த மாதத்தை நினைத்துக் கதவைத் தட்டினான்.

சொல்லி முடித்ததும் முதலாளி கேட்டார்.

"உன் படகோட்டி உனக்கே வேணாமா?"

"வேணும் சார். காசு குடுத்துன்னா..." அசடு வழிந்தபடி நின்றான்.

முதலாளி போனை எடுத்துப் பணம் போடுபவரைக் கூப்பிட்டார். "சார், அந்தப் பன்னிரண்டுல ஒருத்தர நீக்கணும். தப்பா சேத்துட்டோம். பதினொண்ணுதான் கணக்கு." மறுமுனை ஏதோ கேட்டது. முதலாளி வசனத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"யாரோ சார். சும்மா கெடைச்சா மட்டும் விளையாடுற ஆளு. அந்த மாதிரி ஆளுங்க நமக்கு எதுக்கு?"

வசனம் அதைப் பலமாகத் தலையாட்டி ஆமோதித்தான்.