துரை நாயின் சீட்

அந்த பிக்கப் வண்டியின் முன் சீட்டில் நாய் வாசனை அடிக்கும்.

உள்ளே இருந்த தேங்காய் நாரை மாற்றினோம். ரெக்சினை மாற்றினோம். பினாயில் ஊற்றிக் கழுவினோம்... கொஞ்சம் வெயில் ஏறினால் போதும், அந்த நாய் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எழுபதுகளின் தொடக்கம். கோலார் தங்கவயலில் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டர். வயது இருபத்து மூன்று. எதைப் பார்த்தாலும் கோபம் வரும்.

வண்டி ஒரு வெள்ளைக்கார துரையுடையது. அவர் காலத்தில் முன் சீட்டில் துரையும் அவர் நாயும். பின்னால் திறந்த தொட்டியில் கூலிகள். ஒரு மழை நாளில், சுரங்கத்தில் கால் நசுங்கிய என் அப்பாவை அந்தத் தொட்டியில் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாய் நனையாமல் வந்தது. அப்பா அதை ஒரு சாதாரண சேதியாகத்தான் வீட்டில் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சில் தங்கிவிட்டது.

துரைகள் கப்பலேறினார்கள். வண்டி துருப்பிடித்து ஸ்கிராப்பில் கிடந்து ஏலத்துக்கு வந்தபோது, நானும் பக்கத்து வீட்டு தனபாலண்ணனும் சேர்ந்து எடுத்தோம். மாரிகுப்பத்தில் எங்கள் லைன் வீட்டுக்கு எதிரிலேயே வைத்து, ஷிப்ட் முடிந்து வந்து எட்டு மாதம் வேலை பார்த்தோம். எஞ்சினைப் பிரித்து மறுபடி சேர்த்தபோது நாலு போல்ட் மிச்சம். அந்த நாலும் எங்கே போக வேண்டியவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து ஆபீசர் கிளப் வாசல் வழியாகப் போக வேண்டும். அந்த வாசல் வந்தால் எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டு போவார்கள். இறங்கச் சொல்லி ஒரு போர்டும் கிடையாது. துரைகள் போய் நம்ம ஆபீசர்கள் வந்த பிறகும் இறங்கினார்கள். அதுதான் எனக்கு எரிச்சல்.

லைசென்ஸ் இருந்தது தனபாலண்ணனிடம். அவர் வைண்டிங் டிரைவர்; ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் என்ற கூண்டை மேலே இருந்து ஓட்டுபவர். கேஜ் அவர் கண்ணுக்கே தெரியாது. எல்லாம் மணிச் சத்தம்தான். மூன்று மணி என்றால் ஆள் ஏறியாச்சு, எடுக்கலாம். ஓடும்போது ஒரு மணி என்றால் நின்றே ஆக வேண்டும். மணிக்காரர் தவிர எவன் சொன்னாலும் கேட்கக் கூடாது. இருபது வருஷம் அப்படியே வேலை செய்த மனுஷன், பிக்கப்பிலும் ஒரு மணியைக் கட்டி, கயிற்றைப் பின்னால் தொட்டிக்கு விட்டார்.

ஹார்ன் இல்லையே என்றேன்.

"ஹாரன் இன்னாத்துக்குபா? அதான் பெல் கீதே."

முதல் நாள் சும்மா ஆண்டர்சன்பேட்டை பஜார் வரை போனோம். நண்பகல். சர்ச் மணி அடித்தது. முதல் அடிக்கே அண்ணன் பிரேக்கைப் போட்டார். நடு பஜார். பின்னால் மாட்டுவண்டி, தக்காளிக் கூடைக்காரி, தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று பாஷையிலும் வசவு. அண்ணன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு அடிச்சிகீது. அப்டி ஒரு சிக்னலே இல்லியேபா," என்றார் கவலையாக.

நான் இறங்கி ஓடி, தொட்டியில் ஏறி மூன்று மணி அடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பாவின் முறை. கால் நசுங்கிய பிறகு ரிட்டயர் ஆகும்வரை அவர் சுரங்க ஷாஃப்ட் வாசலில் மணிக்காரராக இருந்தவர். வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். நான் சீட்டில் துண்டு விரித்துக் கதவைத் திறந்தேன். அவர் தலையை மட்டும் உள்ளே நீட்டி மோந்து பார்த்தார்.

"நாய் நாத்தம் அடிக்குதுடா. நீயே குந்து."

சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு தொட்டியில் ஏறிவிட்டார். எட்டு மாத உழைப்பு... கெஞ்சினேன், கத்தினேன். அவர் கயிற்றைப் பிடித்து மூன்று மணி அடித்தார். அண்ணன் எடுத்துவிட்டார். நான்தான் ஓடித் தொற்றி உள்ளே விழுந்தேன். நாயின் இடத்தில்.

கிளப் வாசல் வந்தது. ஒரு மணி அடித்தது.

வண்டி நின்றது, கேட்டை அடைத்துக்கொண்டு. உள்ளே டென்னிஸ் நின்றது. திரும்பிப் பார்த்தால், அப்பா தொட்டியில் எழுந்து நின்று கிளப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாட்ச்மேன் வந்து விரட்டினான். அண்ணன் அசையவில்லை. பிறகு கையில் ராக்கெட்டோடு ஒரு ஆபீசர் வந்தார். எங்களுக்கு சேஃப்டி கிளாஸ் எடுப்பவர்.

"டிரைவர், வண்டிய எடு."

"சிக்னல் வரல சார்."

"நான் சொல்றேன், எடு."

"மணிக்காரர் தவிர யார் சொன்னாலும் எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் கிளாஸ்ல சொன்னீங்க."

அண்ணன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்த்தான் கேட்டார். ஆபீசர் கடைசியில் தொட்டியை அண்ணாந்து பார்த்து, "பெரியவரே, கொஞ்சம்..." என்றார்.

அப்பா அவசரப்படவில்லை. பிரம்பு நாற்காலிகளை, புல்தரையை, கண்ணாடி டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். முப்பது வருஷம் தலையைத் திருப்பாமல் கடந்த இடம். பிறகு என்னிடம் குனிந்து கேட்டார்.

"இவ்ளோதானாடா?"

மூன்று மணி.

அடுத்த மழைக்குள் அந்த நாலு போல்ட்டும் வேலையைக் காட்டிவிட்டன. வண்டி மறுபடி ஸ்கிராப்புக்கே போனது. பிறகு சுரங்கமும் மூடியது. அப்பா இல்லை, அண்ணன் இல்லை. கிளப் வாசலில் இப்போது யாரும் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை... பயப்படுவதற்கு அங்கே ஆபீசரும் இல்லை, வேலையும் இல்லை.

என் பேரன் விடியும் முன் மாரிகுப்பத்தில் ட்ரெய்ன் பிடித்து, பெங்களூரில் பார்சல் டெலிவரி செய்கிறான். பெரிய அபார்ட்மென்ட்களில் இவனை நல்ல லிஃப்டில் ஏற விடமாட்டார்களாம். சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் போக வேண்டுமாம். நல்ல லிஃப்டில் யார் போகிறார்கள் என்று கேட்டேன்.

"வீட்டுக்காரங்க தாத்தா. அப்புறம் அவங்க நாயிங்க."

அந்த மணி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. லிஃப்டும் கேஜ்தானே, இதை எடுத்துக்கிட்டுப் போய் ஒரு மணி அடிடா என்றேன். சிரித்துவிட்டு ட்ரெய்னுக்கு ஓடினான்.