மிதிக்கக் கூடாத குறுக்கெழுத்து

ஊறவைத்த பச்சரிசியை நைசாக அரைத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்தால் லேசான புளிப்பு வாசனை ஒன்று வரும். பண்டிகைக்கு முந்தின நாள் தாம்பரத்தில் எங்கள் வீடு முழுக்க அடித்த அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்குக் காது மடல் சூடாகிவிடுகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில், நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி வைத்தார்கள். மற்றவர்கள் "சார்ட்" எழுதவும் களிமண்ணில் எரிமலை செய்யவும் போக, நான் தாவரச் செல்லைப் பற்றிக் குறுக்கெழுத்துப் புதிர் ஒன்று செய்து, அதை ஹாலின் தரையிலேயே பெரிதாக வரைவதென்று முடிவு செய்தேன். வருகிறவர்கள் சுவரில் ஒட்டிய குறிப்பைப் படித்துக் கட்டத்துக்குள் இறங்கி, சாக்பீஸால் எழுத்தை நிரப்ப வேண்டும். எனக்கு அதில் சொந்தக் காரியமும் இருந்தது. மறுவருடம் விருப்பப் பாடம் எடுத்தாக வேண்டும். எனக்கு விஞ்ஞானத்தின் மேல் ஆசை. அப்பாவோ, "பொம்பளைப் பிள்ளைக்கு மனையியல் போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாம்பரம்-பீச் மின்சார ரயிலில் ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் பேப்பர் குறுக்கெழுத்தில் தலையைக் கவிழ்த்திருப்பவர் அவர். என் புதிரைப் பார்த்தால் மனம் மாறிவிடுவார் என்று நம்பினேன்.

சாக்பீஸ் கோடு நிற்காது என்று அம்மாதான் மாவு கரைத்துக் கொடுத்தாள். "ஈரமாவு காஞ்சா கெட்டியாப் பிடிச்சுக்கும்டி" என்றாள். கறுப்புக் கட்டங்களை நிரப்பக் கரி கேட்டதற்கு, "நாலு பேர் வர்ற இடத்துல கரியைப் பூசாதே, காவி போடு" என்றுவிட்டாள். கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் துணியை மாவில் நனைத்துக் கட்டம் கட்டமாக இழுத்து, காவி நிரப்பி, எழுந்து நின்று பார்த்தேன். எனக்கு அது செல்லாகவே தெரிந்தது.

வந்தவர்களுக்குக் கோலமாகத் தெரிந்தது. செருப்பை ஹால் வாசலில் கழற்றிவிட்டு வந்த தாய்மார்கள் ஓரமாக ஒதுங்கி நின்று, "யார் போட்ட மாக்கோலம்? இழை என்னமா வந்திருக்கு!" என்று மெச்சிவிட்டு, மிதிக்காமல் சுற்றிக்கொண்டு எரிமலை பார்க்கப் போனார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் எங்கள் தலைமையாசிரியைகூடப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்தார். அது புதிர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவோடு வந்திருந்த அப்பா பக்கத்திலிருந்தவரிடம், "கைவேலை நல்லா வருது சார். மனையியல்லயே போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

அப்போதுதான் அம்மா கோலத்தில் காலை வைத்தாள். வாசல் கோலத்தை மிதித்தால் என் முதுகில் ஒன்று வைக்கிற அம்மா, நட்டநடுவில் போய் நின்று, "வாங்க, மிதிங்க! இது கோலம் இல்லை, என் பொண்ணு போட்ட கணக்கு!" என்று உரக்கக் கூப்பிட்டாள். ஹாலே சிரித்தது. வகுப்புத் தோழி ஒருத்தி என்னை இடித்து, "உங்கம்மாவா?" என்றாள். நான் வெட்கத்தில் எரிமலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சிரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டத்தில் இறங்கினார்கள். அப்பாவும் சுவரைப் பார்த்து, 'இலைக்கு நிறம் தருவது' என்று படித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து "பச்சையம்" என்று எழுதினார். அப்புறம் அவரை எழுப்புவதே பெரும்பாடாகிவிட்டது. அந்த வாரமே விஞ்ஞானத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, பாதமெல்லாம் காவியாக வந்த அம்மா கேட்டாள்: "நான் நின்ன கட்டத்துல என்னடி எழுதணும்?"

"உனக்குப் புரியாது" என்றேன்.

இப்போது அம்மாவும் இல்லை, மாவு கரைக்கும் வீடும் இல்லை. முடிச்சூரில் என் அடுக்ககத்து வாசலில் ஒட்டியிருப்பது ஸ்டிக்கர் கோலம். கூரியர் கொண்டுவருகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லோரும் அதை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள், நானும்தான். ஓய்வு பெறும்வரை தாவரவியல் ஆசிரியையாக இருந்தேன். அம்மா நின்ற நடுக்கட்டத்தின் விடை உட்கரு; செல்லை நடத்துவது அதுதான் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கேட்டவளுக்கு மட்டும் சொல்லவில்லை.